கோல் யார் பக்கம் சாய்கிறது?
தாய்லாந்துக் காதல் தொடர்களும் சுவைஞர் தொடுக்கும் வழக்குகளும்



மொழி பற்றிய உரைவரிசையில் தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச முற்படுவது ஆசிரியர் சிலருக்கு வியப்பளிக்கலாம். மாணவர்களுக்கு அந்த வியப்பு இராது. இடைவேளையில் அவர்கள் நடத்தும் வழக்காடலை நாம் பலமுறை அருகிருந்து கேட்டிருக்கிறோம். தகுதியற்றவருக்கு விருது போயிற்று என்பார் ஒருவர். தம் மனத்துக்குப் பிடிக்காததையெல்லாம் அநீதி என்று சொல்வதா என்று எதிர்ப்பார் மற்றொருவர். இதனைப் பொழுதுபோக்குச் சண்டை என்று நாம் நெடுங்காலம் ஒதுக்கியே வந்தோம். கூர்ந்து கேட்டபோதுதான் அவர்கள் எழுப்பும் வினா நம் தொழிலின் வினாவும் ஆகும் என்பது விளங்கிற்று. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு மதிப்பிடும்போது நேர்மையாக இருப்பது எவ்வாறு என்பதே அவ்வினா.

தொடர்களும் அவற்றின் களமும்

தாய்லாந்து மக்கள் இத்தொடர்களை 'லக்கோன்' என்பர். மேடை நாடகத்துக்கு வழங்கிய பழஞ்சொல்லே தொலைக்காட்சிக்கும் வந்தது. 1967-இல் தொடங்கிய ஏழாம் அலைவரிசையும் 1970-இல் தொடங்கிய மூன்றாம் அலைவரிசையும் இக்கலையை வளர்த்த பெருநிலையங்கள். நம்மவர் பழகிய நெடுந்தொடர்களைப் போல இவை ஆண்டுக்கணக்கில் நீள்வதில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் ஒளியேறி, சில மாதங்களில் முற்றுப்பெறும். பெரும்பாலானவை புதினங்களைத் தழுவியவை. விரும்பப்பட்ட கதையைப் புதிய நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுப்பது அங்கே இயல்பான வழக்கம்.

முன்னணி நடிகர்கள் ஓர் அலைவரிசையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதற்கே உரியவராக இருப்பது நெடுநாள் முறை. ஆதலின் நடிகர்மீது கொண்ட அன்பு நிலையத்தின்மீதும் படிந்தது. 2014-இல் எண்மத் தொலைக்காட்சி தொடங்கி, 24 வணிக அலைவரிசைகளுக்கு இடம் கிடைத்த பின்னர் போட்டி மேலும் மிகுந்தது. திரையில் இணைந்து நடிக்கும் இருவரை மெய்வாழ்விலும் இணையராகக் கற்பனை செய்து போற்றும் வழக்கமும் பெருகிற்று. அத்தகைய இணையரை அவர்கள் 'கூ ஜின்' என்பர். 'கூ' என்பது இணை. 'ஜின்' என்பது கற்பனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நறுக்கு. இத்துணைப் பற்று நிறைந்த களத்தில்தான் நடுவர்கள் தீர்ப்புரைக்க வேண்டியுள்ளது.

சொற்கள் காட்டும் உறவு

அந்நாட்டுத் தொலைக்காட்சி விருதுகளுள் இரண்டின் பெயர்கள் தமிழருக்கு அயலானவை அல்ல. வானொலி, தொலைக்காட்சித் தொழில்சார் சங்கங்களின் கூட்டமைப்பு 2010 முதல் வழங்கிவரும் விருதின் பெயர் நடராசர் விருது. அதற்கு முற்பட்டது மேகலா விருது. நம் காப்பியத் தலைவி மணிமேகலைக்குப் பெயர் தந்த கடல்தெய்வமே தாய்லாந்து மரபில் மேகலா எனப்படுகிறாள்.

நீதி என்பதற்கு அம்மொழியில் வழங்கும் சொல் 'யுத்திதம்'. யுக்தியும் தருமமும் சேர்ந்த சொல் அது. பொருத்தமான காரணம் இல்லையேல் அறம் இல்லை என்று அச்சொல்லே நமக்குச் சொல்வதாகக் கொள்ளலாம். ஓரவஞ்சனையைக் குறிக்கும் 'லம் இயங்' என்ற சொல்லில், 'இயங்' என்பதன் பொருள் சாய்தல். தமிழிலும் கோல் கோடுதல் என்றே சொல்கிறோம். நடுவில் நிற்பவரை நடுவர் என்கிறோம். நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் துலாக்கோலையே உவமையாகக் கொண்டார். இரு மொழிகளும் ஒன்றைத் தெளிவாக உணர்ந்துள்ளன. தீர்ப்பு முழுவதுமாகக் கவிழ்வது அரிது. சிறிதே சாய்வதுதான் இயல்பு. சாய்பவருக்கு அது தெரிவதில்லை.

மூன்று வழக்குகள்

சுவைஞர் தொடுக்கும் வழக்குகள் பல. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பெருவிருப்பமும் தகுதியும் பற்றியது. 2018-இல் மூன்றாம் அலைவரிசையில் 'புப்பேசன்னிவாத்' என்ற தொடர் ஒளியேறியது. முற்பிறப்பில் உடன் வாழ்ந்த உறவு என்பது அப்பாலிச் சொல்லின் பொருள். இக்காலத் தொல்லியல் மாணவி ஒருத்தி இறந்து, 17-ஆம் நூற்றாண்டில் நாராயண மன்னர் ஆண்ட அயுத்தியாவில், கொடுமனம் படைத்த கராகேத் என்பவளின் உடலில் கண்விழிக்கிறாள். நாடே அதைப் பார்த்தது. பழங்கால உடையணிந்து அயுத்தியாவின் சாய்வத்தனாராம் கோயில் இடிபாடுகளுக்கு மக்கள் திரளாகச் சென்றனர். இவ்வாறு நாட்டையே ஈர்த்த தொடர்தான் சிறந்தது என்பது ஒரு சாராரின் வாதம். கூட்டம் சேர்ந்ததாலேயே ஒன்று கலையாகிவிடாது என்பது மறுசாராரின் வாதம்.

இரண்டிலும் சாய்வு உண்டு. பார்த்தோர் தொகையே அளவுகோல் என்றால் நடுவரே வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தவர் போதும். பலரும் விரும்பியது ஆழமற்றதாகவே இருக்கும் என்று முன்னமே முடிவு செய்வதும் நடுவுநிலை ஆகாது. கராகேத்தாக நடித்த ராணி கெம்பென், கொடியவளையும் அவள் உடலில் குடிபுகுந்த வெள்ளை உள்ளத்தாளையும் ஒரே முகத்தில் வேறுபடுத்திக் காட்ட வேண்டியிருந்தது. நடை, பார்வை, பேச்சின் விரைவு ஆகியவற்றில் அவ்வேறுபாடு தெரிந்ததா என்று கேட்பதே நடிப்பை மதிப்பிடும் வினா. ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம், வாக்கை விலைக்கும் பெறலாம் என்ற ஏற்பாடு எங்கேனும் இருப்பின், அங்கே அளக்கப்படுவது நடிப்பன்று. அன்பின் அளவும் பணப்பையின் அளவுமே.

இரண்டாவது, பழையதும் புதியதும் பற்றியது. தொம்மயந்தி எழுதிய 'கூ காம்' புகழ்பெற்ற புதினம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பாங்காக்கில், சப்பானியக் கடற்படை அதிகாரி கொபோரிக்கும் தாய்லாந்துப் பெண் அங்சுமாலினுக்கும் இடையே மலரும் துயரக் காதல் அதன் கதை. 1990-இல் தொங்சாய் மெக்கின்டயர் கொபோரியாக நடித்த தொடர் ஒரு தலைமுறையின் நெஞ்சில் பதிந்தது. 2013-இல் ஒரு தொடரும் ஒரு திரைப்படமுமாக அதே கதை இருமுறை வந்தது. மூத்தோர், கொபோரி என்றால் அவர் ஒருவரே என்றனர்.

முதலில் கண்டதே அளவுகோலாகிவிடுவது மனித இயல்பு. இளமையில் கண்ட கொபோரியோடு அவர்தம் இளமையும் சேர்ந்திருக்கிறது. புதிய நடிகர் அதனோடு போட்டியிட இயலாது. ஆயினும் பழையதைப் போற்றுவோர் அனைவரும் நினைவின் மயக்கத்தில் பேசுகின்றனர் என்று தள்ளுவதும் பிழையே. இவ்வழக்கைத் தீர்க்க ஒரு நேரிய வழி உண்டு. நாட்டைக் கைப்பற்றிய படையைச் சேர்ந்தவன் என்ற பகையும், அவன்மேல் எழும் அன்பும் அங்சுமாலினின் உள்ளத்தில் மோதுமிடமே கதையின் உயிர். அந்த ஒரே கட்டத்தை இரு வடிவங்களிலும் அருகருகே வைத்துப் பார்த்தால், பேச்சு நினைவிலிருந்து சான்றுக்கு வந்துவிடும்.

மூன்றாவது வழக்கே கனமானது. கதைக்குள் மாந்தர்க்கு வழங்கப்படும் நீதி பற்றியது அது. அறைதலும் முத்தமும் என்று பொருள்படும் 'தொப் ஜூப்' என்ற பெயரால் ஒருவகைக் காதல் தொடரே அங்கு அறியப்படுகிறது. 2008-இல் வந்து பெரும் வரவேற்புப் பெற்ற 'சவான் பியாங்' தொடரில், பழிவாங்கும் வெறியில் தலைவன் தலைவியை வன்புணர்கிறான். பின்னர்க் காதலனாகி மன்னிப்பும் பெறுகிறான். 'நாங் ராய்' எனப்படும் தீய பெண்ணோ பொறாமைக்கும் சூழ்ச்சிக்குமே கடுந்தண்டனை அடைவது இவ்வகைத் தொடர்களின் மரபு. தலைவன் என்ற பெயர் ஒருவனுக்கு விலக்களித்து விடுகிறது. 2014-இல் இத்தகைய வன்முறைக் காட்சிகளுக்கு எதிராக அந்நாட்டில் முறையீடு எழுந்தபோது பல்லாயிரவர் அதில் கையொப்பமிட்டனர். கதை கதைதானே என்று சொல்லிக் கடக்க அவர்கள் மறுத்தனர்.

இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்தறிய வேண்டும். நடிகர் நன்றாக நடித்தாரா என்பது ஒன்று. கதை எதனைக் காதல் என்று நமக்குக் கற்பிக்கிறது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆம் என்று விடையளித்தவர் பின்னதற்கும் ஆம் என்றே சொல்லவேண்டும் என்பதில்லை. அன்புக்குரிய நடிகர் நடித்தார் என்பதற்காகக் கொடுமையைக் காதல் என்று வாதிடும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம். அவ்விடத்தில் ஆசிரியர் வாளாவிருத்தல் தகாது.

கேளாததை மதிப்பிடுதல்

நம்மில் பலர் இத்தொடர்களை மொழிபெயர்ப்பு வரிகளின் துணையோடு பார்க்கிறோம். தாய்லாந்து மொழியில் முன்னிலைச் சொற்கள் பல. மதிப்புக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று, சினத்துக்கு ஒன்று. காதலனை மூத்த உடன்பிறப்பைக் குறிக்கும் சொல்லால் அழைப்பதும் உண்டு. அதுவரை விலகி நின்று பேசியவள் அச்சொல்லுக்கு மாறும் கணமே காதலை ஒப்புக்கொள்ளும் கணமாக அமையலாம். மொழிபெயர்ப்பு வரியிலோ மாற்றமே தெரியாது. 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு மாறும் தொலைவை அறிந்த தமிழருக்கு இந்த இழப்பு புரியும். புப்பேசன்னிவாத் தொடரில் வந்த 'ஓஜாவ்' என்ற பழைய முன்னிலைச் சொல்லை 2018-இல் நாடு முழுவதும் விளையாட்டாகச் சொல்லித் திரிந்தனர். வழக்கொழிந்த ஒரு சொல்லைத் தொடரொன்று நாவில் ஏற்றியது. மொழியன்பர்களாகிய நாம் கருதத்தக்க செய்தி இது. எதனை நம்மால் கேட்க இயலவில்லையோ, அதனைப் பற்றிய நம் தீர்ப்பில் அடக்கம் வேண்டும்.

நம் கையிலுள்ள கோல்

இறுதியாக, நம் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் நாடகப் போட்டி ஒன்றுக்கு நாம் நடுவராக அமர்ந்தோம். ஒரு குழு நகைச்சுவை நாடகம் நடித்தது. மற்றொரு குழு தாயை இழந்த பிள்ளைகளின் கதையை நடித்தது. அவை அழுதது, நாமும் கண் கலங்கினோம். முதற்பரிசு கண்ணீருக்கே சென்றது. நிகழ்ச்சி முடிந்ததும் நகைச்சுவைக் குழுவின் மாணவி ஒருவர் வந்து, "ஐயா, எங்களுக்கு எதில் புள்ளி குறைந்தது? சொன்னால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்வோம்" என்று பணிவோடு கேட்டார். தாளைப் பார்த்தோம். உச்சரிப்பு, உரையாடல், மேடையைக் கையாளுதல் ஆகிய மூன்றிலும் அக்குழுவே முன்னின்றது. 'ஒட்டுமொத்தத் தாக்கம்' என்ற ஒரு கட்டத்தில் நாம் இட்ட எண்தான் முடிவை மாற்றியிருந்தது. "நன்றாகத்தான் செய்தீர்கள், அம்மா" என்றோம். அது விடையன்று என்பது அம்மாணவிக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அழுகைக் காட்சிக்கே விருது போகிறது, சிரிக்க வைப்பவரை எவரும் மதிப்பதில்லை என்று தொடர்ச் சுவைஞர் முறையிடுவதைப் பின்னாளில் கேட்டபோது, அம்மாணவியின் முகமே நம் கண்முன் வந்தது.

அன்று முதல் நாம் சில நெறிகளைக் கடைப்பிடித்து வருகிறோம். எதனை அளக்கப்போகிறோம் என்பதைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்கிறோம். விருப்பத்துக்கென்று தனி இடம் ஒதுக்கி, அதனைத் தகுதியோடு கலவாதிருக்கிறோம். தோற்றவர் வந்து கேட்டால் காட்சியைச் சுட்டிக் காரணம் சொல்ல இயலாத எண்ணை இடுவதில்லை. வகுப்பிலும் இதனைப் பயிற்சியாக்கலாம். தமக்கு மிகப் பிடித்த தொடரின் குறை ஒன்றையும், பிடிக்காத தொடரின் நிறை ஒன்றையும் சான்றோடு தமிழில் ஒரு பக்கம் எழுதும்படி மாணவரைப் பணிக்கலாம். தொடக்கத்தில் முதற்பகுதி அவர்களுக்குக் கசக்கும். அக்கசப்பைத் தாண்டி எழுதிய கட்டுரைகளே நாம் படித்தவற்றுள் சிறந்தவை.

மாணவர்களே, நீங்கள் வழக்காடுவதை நிறுத்த வேண்டா. இன்ன காட்சியில், இன்ன சொல்லில், இன்ன பார்வையில் என்று சான்று காட்டி வாதிடும்போது நீங்கள் திறனாய்வாளர் ஆகிறீர்கள். அதே சான்றை எதிர்த்தரப்பின் நடிகருக்கும் பொருத்திப் பார்க்கும்போது நடுவர் ஆகிறீர்கள். ஆசிரியப் பெருமக்களே, நாளை நம் மேசைமுன் ஒரு மாணவர் வந்து "எதில் குறைந்தது?" என்று கேட்கக்கூடும். அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கட்டும்.