பத்தொன்பது பாட்டும் ஒரு மலையுச்சியும்
(எல்லிஸ் ஆர். டங்கன் கருத்தரங்கின் தலைமை உரை)



அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே வந்திருக்கிறீர்கள். அந்த இருபதுக்கும் முன்னால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் சாலையோரத்தில், இன்னொரு வளைவையும் பார்த்திருப்பீர்கள். அது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு. அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் படப்பிடிப்புத் தளங்கள் இருந்தன. இப்போது வீடுகள் இருக்கின்றன. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பி, 1935இல் தொடங்கிய நிறுவனம் அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ கூட 1938இல் அந்த நிறுவனம் எடுத்ததுதான்.

1950ஆம் ஆண்டில் அந்த வளைவின் வழியே போய்வந்து கொண்டிருந்தவர்களில் ஓர் அமெரிக்கரும் உண்டு. அவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இரண்டு நாளும் கூடியிருக்கிறோம்.

எல்லிஸ் ஆர். டங்கன் 1909இல் ஒகையோ மாநிலத்தின் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை படித்தார். கல்லூரியில் சினிமாவைப் பாடமாக வைப்பது அமெரிக்காவிலேயே புதுமையாக இருந்த காலம் அது. உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935இல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவரை இந்த மண் பதினைந்து ஆண்டுகள் பிடித்து வைத்துக்கொண்டது.

அவருடைய முதல் தமிழ்ப் படம் 1936இல் வந்த ‘சதி லீலாவதி’. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. குடியால் கெட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகப் போய்ச் சேரும் ஒருவனைப் பற்றியது. எம்.ஜி. ராமச்சந்திரன், என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா மூவரும் திரையில் முதன்முதலாகத் தோன்றியது அந்தப் படத்தில்தான். மறு ஆண்டு பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’, 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த ‘சகுந்தலை’, அதே ஆண்டில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையைக் கதாநாயகனாக்கிய ‘காளமேகம்’, 1945இல் ‘மீரா’. இந்த வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான், விரிக்கவில்லை.

என்னை நெடுங்காலமாகப் பிடித்து ஆட்டும் கேள்வி வேறு. இந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. சொல்லுக்குச் சொல் சுவைக்கிற ஒரு சமூகத்துக்கு, அந்தச் சொல் புரியாத ஒருவர் எப்படிப் படம் எடுத்தார்? வசனத்தைக் காதால் கவனிக்க உதவியாளர்கள் இருந்தார்கள். உச்சரிப்பு பிசகினால் அவர்கள் சொல்வார்கள். அந்தப் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு, மிச்சம் இருந்த அனைத்தையும் டங்கன் தம் கண்ணிடம் ஒப்படைத்தார். முகம், நடை, கை, வெளிச்சம், காமிராவின் இடம் எல்லாம் அவர் பொறுப்பு. நாடக மேடையின் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போலவே நகராமல் நின்ற காமிராவை நடக்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

‘மீரா’வுக்கு அவர் செய்த ஆயத்தம் ஒன்றைச் சொல்கிறேன். எம்.எஸ். அவர்களின் தலையையும் முகத்தையும் அப்படியே சுண்ணச்சாந்தில் ஒரு மார்பளவுச் சிலையாக வார்க்கச் செய்தார். அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் அந்தச் சிலைக்கு முன்னால் விளக்குகளை மாற்றி மாற்றி வைத்து, மேலிருந்து ஒளி விழுந்தால் கண் எப்படி, பக்கவாட்டில் விழுந்தால் கன்னம் எப்படி என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் உயிருள்ள முகத்துக்கு விளக்குப் போட்டார்கள். ‘மீரா’வில் அந்த அம்மையாரின் முகத்தில் நிற்கும் ஒளியைப் பக்தி என்று நாம் கும்பிடுகிறோம். கும்பிடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒளிக்குப் பின்னால் இருந்த உழைப்புக்கு நம் ஆய்வு நூல்களில் அரைப் பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சேலத்துக்கு வருவோம். மாடர்ன் தியேட்டர்ஸுக்காக அவர் இயக்கியவை இரண்டு படங்கள். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து எடுத்த ‘பொன்முடி’ ஒன்று. அதன் காதல் காட்சிகளுக்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. வெள்ளைக்காரர் வந்து தமிழ்ப் பண்பாட்டைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். கவிஞர் எழுதியபோது ஒப்புக்கொண்ட நெருக்கத்தைக் கண்ணால் பார்க்க நேர்ந்ததும் நாம் பதறிப்போனோம்.

இன்னொன்று ‘மந்திரி குமாரி’. மு. கருணாநிதியின் நாடகம், அவருடைய வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். அதனால் அந்தப் படத்தை எழுத்தின் வெற்றியாக, அரசியலின் முன்னறிவிப்பாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம். அந்தப் பெருமை அதற்கு உரியதுதான். என் தாயார் அந்தப் படத்தை ஊர்க்கோடியில் போட்டிருந்த டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். பல ஆண்டு கழித்து அதை எனக்குச் சொன்னபோது ஒரு வசனமும் அவர் வாயில் வரவில்லை. எழுந்து நின்று, சமையலறை உரலை மூன்று முறை சுற்றி வந்து, இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக் காட்டினார். “அப்படியே போயிட்டான்” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை நீங்கள் அறிவீர்கள். மனைவியைக் கொல்ல நினைக்கும் பார்த்திபன் அவளைக் காதல் பாட்டோடு மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு, ஜி. ராமநாதன் மெட்டு. உச்சியில் உண்மை தெரிந்த அமுதவல்லி, சாகும் முன் கணவனை வலம் வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வந்தவள் அவனையே தள்ளிவிடுகிறாள். அது எந்த மலை என்று சேலத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஏற்காட்டுப் பக்கம்தான் கை நீட்டுவார்கள். இந்த உரைக்காக அந்தக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி மறுபடி பார்த்தேன். பாட்டின் இனிமை போனதும் மேட்டில் ஏறும் இரண்டு உடல்கள் மட்டும் மிஞ்சின. ஒன்று நம்பி ஏறுகிறது, இன்னொன்று கணக்குப் போட்டு ஏறுகிறது. தமிழ் தெரியாத டங்கனுக்குக் கண்முன் இருந்ததும் இதுதான் என்று அப்போது எனக்கு உறைத்தது.

அந்தக் கதை குண்டலகேசியின் கதை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அந்த நூலில் நமக்கு மிஞ்சியவை 19 பாடல்கள் மட்டும். அதை மறுக்க எழுந்த நீலகேசிக்கு உரை எழுதியவர் கதையைச் சொல்லிவைத்ததால் பத்திரை என்ற பெண்ணையும் அவள் கணவன் காளனையும் நாம் அறிகிறோம். காப்பியம் போனது, மறுத்தவர்களின் உரையால் மலையுச்சி மட்டும் பிழைத்தது. அதுவே 1950இல் சேலத்துப் படமாயிற்று.

டங்கனின் படங்களும் அதே நிலைக்கு வந்துவிட்டன. ‘சதி லீலாவதி’யை இன்று பார்க்க முடியாது. ‘இரு சகோதரர்க’ளையும் பார்க்க முடியாது. கையில் இருப்பவை பாட்டுப் புத்தகங்கள், சில புகைப்படங்கள், பழைய இதழ்களின் விமர்சனங்கள். ‘பொன்முடி’யைத் திட்டி எழுதியவர்கள்கூட, நீலகேசி உரைகாரரைப் போல, ஒரு படம் பார்வையாளர்களை என்ன செய்தது என்பதற்குச் சாட்சி சொல்லிச் சென்றிருக்கிறார்கள். அந்த வசவுகளையும் தேடித் திரட்டுங்கள் என்று இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய கொட்டகை நடத்தியவர்களின் பரணில் பாட்டுப் புத்தகங்கள் இன்னும் இருக்கும். கறையான் நமக்காகக் காத்திருக்காது.

‘மந்திரி குமாரி’ முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா திரும்பிவிட்டார். எஞ்சியதை எடுத்து முடித்தவர் சுந்தரம். இயக்குநர் என்று இருவர் பெயரும் நிற்கின்றன. எந்தக் காட்சி யாருடையது என்ற விசாரணை இந்த அரங்கில் சூடாக நடக்கட்டும். டங்கன் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் தங்கி, ஆவணப்படங்கள் எடுத்து, தம் வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்த 2001ஆம் ஆண்டிலேயே, 92 வயதில் காலமானார்.

இன்று மாலை ஆறு மணிக்கு இதே கூடத்தில் ‘மந்திரி குமாரி’ திரையிடப்படுகிறது. மலையுச்சிக் காட்சியை இரண்டு தடவை போடச் சொல்லியிருக்கிறேன், முதல் தடவை ஒலியில்லாமல். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.