சிறுநீர்க் கோளாறு: மருத்துவரை நாடுவது எப்போது?



சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று உடலின் நீரை உறிஞ்சிவிடுகிறது. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து கல் படியும். மூணாறு, பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலோ இடர்ப்பாடு வேறு. கழிப்பிடம் தொலைவில் இருப்பின், கொழுந்து பறிக்கும் பெண்கள் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வர்; சிறுநீரையும் அடக்குவர். தொற்றுக்கு அதுவே வழி. பெண்களுக்குத் தனியே, எளிதில் அணுகத்தக்க கழிப்பிடம் வேண்டுமென 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் ஏட்டிலுள்ள எண்ணிக்கையோடு நில்லாமல், பறிக்கும் சரிவிலிருந்து அதுவரை ஒருமுறை நடந்து பார்த்தல் நலம்.

எரிச்சல் இரண்டொரு நாளில் தணியாவிடில் மருத்துவரிடம் செல்க. கருவுற்றோரும் நீரிழிவு உடையோரும் அவ்வளவும் காத்திருக்கலாகாது. நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால், தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அன்றே செல்ல வேண்டும். சிறுநீர் அறவே பிரியாமல் அடிவயிறு உப்பினால் இரவென்றும் பாராது புறப்படுக. முதியோர் வயதின் கோளாறென ஒதுக்கும் மெலிந்த நீரோட்டமும் மருத்துவரிடம் சொல்லத்தக்கதே.

எல்லாவற்றினும் ஏமாற்றுவது வலியற்ற இரத்தம். ஒருநாள் சிவந்து, மறுநாள் தெளிந்துவிடும். 'உடற்சூடு' என்று இளநீர் பருகி அமைந்துவிடுவோர் பலர். (ரிஃபாம்பிசின் எனும் காசநோய் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது வேறு.) சிறுநீர்ப்பைப் புற்றுநோய் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் இவ்வாறே, புகைபிடிப்போர்க்கு அந்த அபாயம் மிகுதி. ஒரேயொரு முறை கண்டாலும், தெளிந்த பின்னரும், சோதிக்க வேண்டும். முதற்படி ஒரு சிறு குப்பிச் சிறுநீரே. சித்தூர், அடிமாலி தாலுகா மருத்துவமனைகளில் அதனைக் கொடுக்கலாம்.