சிபில் ஸ்கோர் விழுந்தால் மீண்டும் எழ முடியுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கவுன்டரிலும் கடன் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆனால் கடன் கேட்டு வருகிறவர் முதலில் பேசுவது கிளார்க்கிடம்தான். கடன் கிடைக்காமல் போனால் "ஏன் சார்?" என்று கேட்பதும் அவரிடம்தான். நம் வளாகத்திலேயே இதைப் பற்றி என்னிடம் காதோடு காதாகக் கேட்டவர்கள் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன். இது தனியாக உட்கார்ந்து வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்பதைச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நம் பகுதியின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை எத்தனையோ குடும்பங்கள் டேனரியையும் ஷூ கம்பெனியையும் நம்பியிருக்கின்றன. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் போகும், பிறகு வேலை நாள் குறையும். வீட்டுக் கடன் தவணை மட்டும் குறையாது. 2020-ல் கொரோனா வந்தபோது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதத் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அப்படித் தள்ளிவைத்ததைத் தவறிய தவணையாகக் காட்டக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் செப்டம்பர் பிறந்ததும் எல்லோருக்கும் பழைய சம்பளம் வந்துவிடவில்லை. அடுத்து, காட்பாடியை மையமாகக் கொண்டு இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தின் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. நகையை அடகு வைத்தும் பர்சனல் லோன் வாங்கியும் அதில் பணம் போட்டவர்கள், முதலையும் இழந்து கடனையும் சுமந்தார்கள்.

சரி, இந்த ஸ்கோர் என்பது என்ன? 300 முதல் 900 வரை போடப்படும் ஒரு மதிப்பெண். 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்று வங்கிகள் பொதுவாகக் கருதுகின்றன. சிபில் என்பது அரசாங்க அலுவலகம் அல்ல. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நான்கு தகவல் நிறுவனங்களில் ஒன்று. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மற்ற மூன்று. கடன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கிதான். இன்ன ஸ்கோர் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் விதித்ததில்லை.

ஆனாலும் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் தவணைகள் தவறியிருந்த காரணத்தால் ரத்தானது. அந்த ரத்து செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனைப் பிறகு கட்டிவிட்டதாக அவர் சொன்னது எடுபடவில்லை. பிள்ளைகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் வீடுகளில் இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

இனி, விழுந்தவர் எழுவது எப்படி என்று பார்ப்போம்.

முதல் வேலை, உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் பார்ப்பது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாம் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. பெயர், பிறந்த தேதி, பான் எண் சரியா? நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா? கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா? யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் அங்கே இருக்கும். பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

தவறு இருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் கொடுங்கள். வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இரண்டாவது, 'செட்டில்டு' என்ற சொல். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர் ஒருவரை எனக்குத் தெரியும். 1,10,000 ரூபாய் பாக்கியை 70,000 கட்டி 'ஒரே தவணையில்' முடித்துக்கொண்டார். மூன்று வருடம் கழித்து மகளின் படிப்புக் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடப் போனால், வங்கி தயங்கியது. "சார், எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னுதானே சொன்னாங்க?" என்றார். கடன் கணக்கு முடிந்தது உண்மை. ஆனால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வரவில்லை, 'செட்டில்டு' என்று வந்திருந்தது. முழுப் பணமும் வரவில்லை என்பதே அதன் பொருள். 'ரிட்டன் ஆஃப்' என்றிருந்தாலும் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று அர்த்தமல்ல. அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்வது. உங்கள் பாக்கி அப்படியே இருக்கும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கொடுத்தவர்களிடமே போய், விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டிவிடுகிறேன், 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டார். ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டினார். நோ டியூ சான்றிதழ் வாங்கினார். அறிக்கை மாறியது. மகள் ஒரு வருடம் தாமதமாகத்தான் கல்லூரிக்குப் போனாள், ஆனால் போனாள். பணம் கட்டும் முன் கடிதம், கட்டிய பின் சான்றிதழ். இந்த வரிசை மாறக் கூடாது.

மூன்றாவது, பாக்கியை அடைக்கும் முறை. தவணைக்காகக் கந்து வட்டிக்கு வாங்காதீர்கள். ஸ்கோரைக் காப்பாற்றப் போய் வீட்டை இழந்தவர்கள் உண்டு. வங்கிக்கு நேரில் போய், தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். அப்படி மாற்றியதும் அறிக்கையில் தெரியலாம். இருந்தாலும் மாதாமாதம் தவறுவதைவிட அது மேல். வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டினால் தேதி, நேரம் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

நான்காவது, புதிய நல்ல பெயரைச் சம்பாதிப்பது. யாரும் கார்டு தராவிட்டால், சிறிய தொகையை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கலாம். 20,000 ரூபாய் லிமிட் என்றால் 6,000-க்குள் செலவு செய்யுங்கள். பால், மளிகை, மின்கட்டணம் போதும். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். பார்ப்பவருக்கு, இவர் பணத்துக்கு அலைகிறார் என்றே தோன்றும்.

எவ்வளவு காலம் ஆகும்? குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை வங்கிகள் விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. அதனால் நீங்கள் கட்டியது முன்னைவிடச் சீக்கிரம் தெரியும். ஆனால் மாதவாரியான தவணை வரலாறு சிபில் அறிக்கையில் 36 மாதம் வரை தெரியும். பழையது ஒரே நாளில் அழியாது. புதிய நல்ல மாதங்கள் சேரச் சேர, பழைய கெட்ட மாதங்கள் பின்னுக்குப் போகும். 5,000 கொடுங்கள், சிபிலை 'கிளீன்' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உண்மையான பாக்கியை அழிக்க யாராலும் முடியாது. தவறான பதிவைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. குழுக் கடனும் நகைக் கடனும்கூட அறிக்கையில் ஏறுகின்றன. உங்கள் பெயரில் வீட்டில் யார் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஜாமீன் கையெழுத்துக் கேட்பவர் சொந்த மச்சானாகவே இருந்தாலும், அவர் கட்டாவிட்டால் நம்மால் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டு பேனாவைத் திறங்கள்.

அறிக்கையைப் படிக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். பிரிண்ட் மட்டும் எடுத்து வாருங்கள், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். உட்கார்ந்து பார்ப்போம். உங்கள் விஷயம் அந்த அறையைத் தாண்டாது.