விரலிழந்தோர் உரிமை



மர ஆலையில் இரம்பத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தவர் முதலாளி. விரலை இழந்தவர் நம்மவர். சிறுதொகையைக் கையில் திணித்து, 'இனி உரிமை கோரேன்' என்றெழுதிய தாளில் கைநாட்டுக் கேட்பார்கள். கட்டைவிரலே போயிருந்தால் எதைக்கொண்டு நாட்டுவது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே அத்தகைய ஒப்பந்தம் செல்லாதென விதித்தது. கட்டைவிரல் போனால் ஈட்டும் திறனில் 30 விழுக்காடு இழப்பென அதன் அட்டவணை வகுத்தது. அதனிடத்தில் வந்துள்ள 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், பணியின்போது பணியினால் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு உண்டு. முதலாளியின் கவனக்குறைவைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

படித்த இளைஞர் ஒருவர் காயம்பட்டவருடன் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 'வீட்டில் அரிவாள் பட்டது' என எழுதச் சொல்வார் உடன்வரும் மேஸ்திரி. விபத்துப் பதிவேட்டில் அவ்வரி ஏறிவிட்டால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். ஆலையையும் எந்திரத்தையும் நேரத்தையும் சொல்லி எழுதச் செய்யுங்கள்.