சங்கு ஊதாத ஆட்டம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வருஷம் இதே கூடலில் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், "இந்த வீடியோ கேமையெல்லாம் மூட்டை கட்டி காசிமேட்டுக் கடலில் போடணும்டா" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ ஆடிப் பார்த்திருக்கியா? ஆடிப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்றே?" என்று கேட்டுவிட்டேன். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த செயலாளர் காதில் அது விழுந்துவிட்டது. "அப்போ அடுத்த வருஷம் நீயே ஆடிப் பார்த்துட்டு வந்து பேசுப்பா" என்றார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற என்னை, அறுபத்தெட்டு வயதில் வீடியோ கேம் ஆட வைத்த பெருமை நம் சங்கத்தையே சேரும்.

எட்டு மாதம் ஆடினேன். கணக்கு எழுதியவன் ஆகையால் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பழைய பாக்கி ஒன்று. 1995-ல் பர்மா பஜாரில் என் பையனுக்கு டிவி கேம் ஒன்று வாங்கினேன். டிவியில் செருகி, கேசட் போட்டு ஆடுகிற சாதனம். கேசட் மேல் 'ஆயிரக்கணக்கான ஆட்டங்கள்' என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் மாரியோ இருந்தது, கான்ட்ரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவனும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு கான்ட்ரா ஆடுவோம். மூன்று உயிர் போனால் ஆட்டம் முடிந்தது. அல்லது கரண்ட் போய்விடும். அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்காரம்மா வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். எப்படியும் ஒரு முடிவு உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது வருகிற ஆட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் வகை, எங்கள் ராயபுரம் தெருப் பையன்கள் ஆடுவது. ஒரு தீவில் எல்லோரும் குதித்து இறங்கி, சுட்டுக்கொண்டு, கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தவன். பப்ஜி மொபைல் அந்த ரகம்தான். அதை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2021-ல் பிஜிஎம்ஐ என்ற வேறு பெயரில் இந்தியாவுக்கென்று வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. பெயர் மாறுகிறதே தவிர ஆட்டம் மாறவில்லை. நானும் இறங்கினேன். இரண்டு நிமிஷத்தில் என்னைச் சுட்டுவிட்டார்கள். "தாத்தா, நின்னுட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது" என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

வரவுப் பக்கத்தை நியாயமாக எழுத வேண்டும். நாலு பேர் ஒரு அணியாகப் பேசிக்கொண்டு ஆடுகிறார்கள். வரைபடம் பார்க்கிறார்கள், காலடிச் சத்தத்தை வைத்தே எதிராளி எந்தத் திசை என்று கண்டுபிடிக்கிறார்கள். சாதாரண போனே போதும். எனவே ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது. ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். திரை என்பதாலேயே மூளை கெட்டுவிடும் என்று சொல்வதும் சரியில்லை. 2022 பிப்ரவரியில் நம்ம பாடிப் பிள்ளை பிரக்ஞானந்தா, அன்றைய உலகச் சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்தது கணினி வழியே நடந்த போட்டியில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வெளியே போய் விளையாடுடா" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே என்றால் எங்கே? நாம் கிரிக்கெட் ஆடிய இடத்திலெல்லாம் இன்று கன்டெய்னர் லாரி நிற்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ராத்திரியில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இடத்தைப் பறித்துவிட்டுப் பிள்ளை போனைப் பார்க்கிறான் என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

இனி செலவுப் பக்கம். இந்த ஆட்டங்கள் இலவசம். இலவசமாகக் கொடுத்துவிட்டு எப்படிப் பிழைக்கிறார்கள்? சட்டை விற்கிறார்கள். பொம்மைக்குச் சட்டை, துப்பாக்கிக்கு வர்ணம். சில சமயம் நேராக விற்பதில்லை. காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கும் என்று திறந்தால்தான் தெரியும். பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இப்படிப்பட்ட பெட்டியைச் சூதாட்டம் என்று அறிவித்தார்கள். தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் வராவிட்டால் வரிசை அறுந்து போகும். காசிமேட்டில் பாறைமேல் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். மீன் எப்போது கடிக்கும் என்று தெரியாததால்தான் அவர் எழுந்திருப்பதில்லை. ஒழுங்காகக் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஆளைக் கட்டிப் போடும். இந்த ஆட்டத்தில் ஒரே வித்தியாசம், தூண்டில் நம் கையில் இல்லை. மீன்தான் நாம்.

இரண்டாவது வகை, காசு வைத்து ஆடுவது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன், கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. 2021-ல் ஒரு நாள் போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தான். தங்கை என்னிடம் முறையிட்டாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, "ரம்மிதானே, விடு. நாங்க கேன்டீனில் ஆடாத ரம்மியா? கணக்கு நல்லா வரும்" என்றேன். அந்த வார்த்தையை அவன் அம்மாவிடம் கேடயமாகப் பிடித்துக்கொண்டான். பத்து மாதம் கழித்து ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் வாசலில் வந்து நின்றான். "மாமா" என்றான், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் போயிருந்தது. சம்பளம், கைமாற்று, கடைசியில் அம்மாவின் வளையல். அன்று அவன் என் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தண்டவாளத்துப் பக்கம் திரும்பியிருந்தால், இன்று நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன். நல்லவேளை, வந்தான். இரண்டு வருஷமாகக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறான். "பேர் சொல்லாம இதைச் சொல்லுங்க மாமா, நாலு பேருக்கு உதவும்" என்று அனுமதி கொடுத்தவனும் அவனே.

அவனிடம் ஒரு நாள் கேட்டேன்: "ஏன்டா, எழுந்து வந்திருக்கக் கூடாதா?" அவன் சொன்ன பதில்: "மாமா, நீங்க ஆடினப்போ சங்கு ஊதும். எனக்கு யாரு ஊதினா?"

நண்பர்களே, எட்டு மாதம் ஆடி நான் கண்டுபிடிக்காததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். உண்மைதான். நாங்கள் சாப்பாட்டு இடைவேளையில் பதின்மூன்று சீட்டு ஆடுவோம். பந்தயம் ஒரு டீ. சங்கு ஊதினால், கையில் ஜோக்கர் இருந்தாலும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். எதிரே இருப்பவன் முகம் தெரியும். ஒருத்தன் அதிகம் தோற்றால், "போதும்டா, வீட்டுக்குப் போ" என்று மற்றவனே சொல்லுவான். போன் ரம்மியில் அந்தச் சங்கும் இல்லை, அந்த முகமும் இல்லை. அதே பதின்மூன்று சீட்டுதான். ஆனால் அதே ஆட்டம் இல்லை. இது புரியாமல் நான் சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

நீதிமன்றங்களிலும் பல வருஷம் வாதாடினார்கள், இது திறமையா அதிர்ஷ்டமா என்று. தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஒரு விதி போட்டது: நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பண ஆட்டம் கூடாது. ஜூனில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. பாருங்கள், கடைசியில் அரசாங்கமே சங்கு ஊத வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை விதிமுறைகளும் வழக்குகளும் காட்டட்டும். வளையல் போன வீட்டுக்கு அது தாமதமாக வந்த சங்குதான்.

மூன்றாவது வகையை என் பேத்தி காட்டினாள். "தாத்தா, இதுல யாரையும் சுட வேண்டாம், இட்லி சுட்டா போதும்" என்றாள். ஆட்டத்தின் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரன்டோ நகரில் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்து, 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போய்க் குடியேறிய ஒரு குடும்பம். வெண்பா என்ற அம்மா, பாவலன் என்ற அப்பா, கவின் என்ற பையன். அம்மாவிடம் ஒரு பழைய சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது என்று நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பானால் மறுபடி செய்யலாம், தண்டனை இல்லை. பையன் வளர வளரத் தமிழிலிருந்தும் அம்மாவிடமிருந்தும் விலகிப் போகிறான். அதுதான் கதை.

குறை என்ன? ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு இது போதாது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. சவால் குறைவு, கைவேகத்துக்கு வேலையே இல்லை. ஒரு முறை ஆடியவன் மறுபடி ஆட அதிகக் காரணம் இல்லை. தெருப் பையன்களின் போன் ஆட்டம் மாதிரி இது இலவசமும் இல்லை. இவ்வளவும் உண்மை. ஆனாலும் 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்தது, திரையை மூடினோம். மணி எட்டரை. பேத்தி, "தாத்தா, நம்ம ஆயா புட்டு செய்வாங்களா?" என்று கேட்டாள். என் அம்மாவைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து சமையல் அறைக்குப் போனோம். பரணிலிருந்து புட்டுக்குழலைத் தேடி எடுத்தோம். சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது குறை என்றார்கள். முடிந்ததால்தானே நாங்கள் எழுந்து போனோம்!

ஆகவே என் கணக்கின் கூட்டுத்தொகை இதுதான். ஆட்டத்தின் படம் நன்றாக இருக்கிறதா, துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆட்டம் எங்கே முடிகிறது? காசை ஒரே தடவை வாசலில் வாங்கிக்கொள்கிறதா, உள்ளே போன பிறகு திரும்பத் திரும்பக் கேட்கிறதா? எழுந்து வந்தவனிடம் பேச ஏதாவது இருக்கிறதா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'ஆட்டக் கோளாறு' என்பது 2022-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் அடையாளமே ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போவது. நிறுத்த முடியாமல் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பேட்டை பாஷையில் சொன்னால், சங்கு கேட்காத காது.

நம் பக்கத்துக்குத் திரைதான் கதி என்றும் இல்லை. கேரம் நம்ம ஏரியா ஆட்டம். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். ஒரு பலகை, நாலு பேர், கொஞ்சம் பவுடர், காய் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. நம் சங்கம் இந்த வருஷம் ஓர் அறையும் நாலு கேரம் பலகையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்த மேடையிலேயே வேண்டுகிறேன். முதல் பலகை என் செலவு. மாலையில் அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்ள என் தங்கை மகன் சம்மதித்திருக்கிறான். ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கும் பொறுப்பையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

செயலாளர் இரண்டாவது மணியும் அடித்துவிட்டார். எனக்குச் சங்கு ஊதியாகிவிட்டது. எழுந்து போகத் தெரிந்தவன் என்ற பெயரோடு இறங்கிக்கொள்கிறேன்.