தொட்டிக்குப் பூச்சு போட்ட இடம்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

என் மருத்துவ வாழ்க்கை முழுவதும் தொழில்வழி நோய்களோடு கழிந்தது. வார்ப்பாலை, பஞ்சாலை, சாயப்பட்டறை, பேட்டரிப் பட்டறை என்று அலைந்தவன் நான். ஆனால் இந்த மேடையை என் கதைக்குப் பயன்படுத்தப் போவதில்லை. என்னை இந்தத் துறைக்கு இழுத்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஆலிஸ் ஹாமில்டன்.

1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1897இல் சிகாகோவுக்கு வந்து ஹல் ஹவுஸில் தங்கினார். ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் தொடங்கிய இல்லம் அது. படித்த பெண்கள் குடியேறிகளின் சேரிக்கு நடுவில் போய்க் குடியிருந்தார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், யூதர், கிரேக்கர் என்று அக்கம்பக்கம் முழுவதும் புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அங்கே தங்கியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி, 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 10 முதல் 15 வயதுக்குட்பட்ட சுமார் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டைத் திருத்த வேண்டும் என்று கிளம்பியவர்களில் எழுத்தாளர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். ஹாமில்டன் மருத்துவராக அதில் இறங்கினார்.

ஹல் ஹவுஸில் அவர் கைக்குழந்தைகளுக்கான கிளினிக் நடத்தினார். தாய்மார்களிடம் பேசப் பேச, அவர்களுடைய கணவன்மாருக்கு என்ன நேர்கிறது என்பது காதில் விழுந்தது. உருக்காலையில் புகை அடித்து மயங்கி விழுந்தவன், வண்ணப்பூச்சு ஆலையில் கை விளங்காமல் போனவன். தொழில் நோய்களை ஆராய இல்லினாய் அரசு அமைத்த குழு, 1910இல் ஆய்வுப் பணியை ஹாமில்டனிடம் ஒப்படைத்தது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இதற்கென்று சட்டமும் ஆய்வாளர்களும் இருந்த காலத்தில், அமெரிக்காவில் எந்த ஆலையில் ஈயம் புழங்குகிறது என்ற பட்டியல்கூடக் கிடையாது. ஆலைக்குள் நுழைய அவருக்குச் சட்ட அதிகாரமும் இல்லை. முதலாளியிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். மருத்துவமனை ஒன்றில் போலந்துக்காரர் ஒருவரை ஹாமில்டன் பார்க்கிறார். கடுமையான ஈய நச்சு. மணிக்கட்டுகள் தொங்கிப்போய்விட்டன, வயிறு சுருட்டிச் சுருட்டி வலிக்கிறது. என்ன வேலை என்று விசாரித்தால், குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூச்சு போடுகிறவர். எனாமல் வேலையில் ஈய நச்சு வரும் என்று ஹாமில்டன் படித்த எந்த நூலிலும் இல்லை. ஆலைக்கே போகிறார். மேலாளர்கள் மரியாதையாக வரவேற்றுக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஈயத்தின் அடையாளமே இல்லை. வேறு ஒருவராக இருந்தால் அதோடு அறிக்கை எழுதி முடித்திருப்பார். ஹாமில்டன் அந்தத் தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போனார். நீங்கள் பார்த்தது கடைசியாக மெருகு ஏற்றும் இடம், உண்மையான பூச்சு வேலை வேறு இடத்தில் நடக்கிறது என்று அவர் சொன்னார். அந்த இடத்துக்கும் ஹாமில்டன் போனார். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தொட்டி. அதன்மேல் ஒரு ஆள் எனாமல் பொடியைச் சல்லடையால் தூவுகிறார். அனலில் மூச்சு வாங்குகிறது, காற்றெல்லாம் தூசி, அதைத்தான் அவர் இழுத்துக்கொண்டு நிற்கிறார். பொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கரையக்கூடிய ஈயம் அதில் இருந்தது.

இந்த நிகழ்ச்சியைப் படித்த நாளிலிருந்து ஒரு பழக்கத்தை நான் விடவில்லை. எந்த ஆலைக்குப் போனாலும், காட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து வருகிறவர்களோடு வெளியே டீக்கடையில் பேசாமல் திரும்புவதில்லை.

தொழிலாளர்கள் கை கழுவுவதில்லை, குடிக்கிறார்கள், அதனால்தான் நோய் வருகிறது என்பது அந்நாள் முதலாளிகளின் நம்பிக்கை. விஷம் கையழுக்கால் போவதைவிட மூச்சுக்காற்றால்தான் அதிகம் போகிறது என்று ஹாமில்டன் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். நேஷனல் லெட் நிறுவனத்தின் துணைத் தலைவர் எட்வர்ட் கார்னிஷ் இதை நம்பவில்லை. நிரூபியுங்கள், நீங்கள் சொல்வதையெல்லாம் செய்கிறேன் என்றார். ஹாமில்டன் மருத்துவமனைக்குப் போன 22 தொழிலாளர்களின் விவரத்தோடு வந்தார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியை அடக்க ஏற்பாடு செய்தார், மருத்துவர்களை அமர்த்தினார். முதலாளிகளில் இப்படிப்பட்டவர்களும் உண்டு என்பதை என் அனுபவத்திலும் கண்டிருக்கிறேன்.

எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளில் ஈய ஆபத்து இருப்பதை இல்லினாய் அரசின் அந்த ஆய்வு கண்டறிந்தது. 1911இல் இல்லினாய் சட்டம் இயற்றியது. ஆபத்தான வேலையில் இருப்பவர்களுக்கு மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. அதே ஆண்டு மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். வாசல் பூட்டியிருந்தது. ஊரே தெருவில் நின்று அதைப் பார்த்தது, நாடே கொதித்தது. ஈயத்தால் இறந்தவர்களை யார் பார்த்தார்கள்? அவர்கள் வீட்டில், படுக்கையில் கிடந்து, ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களைக் கணக்கில் கொண்டுவர ஒரு மருத்துவர் தேவைப்பட்டார்.

என் மாணவப் பருவத்தில் எங்கள் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் நாடி பிடிப்பதற்கு முன் நோயாளியின் உள்ளங்கைகளை விரித்துப் பார்ப்பார். ஒருநாள் தீராத வயிற்றுவலி என்று வந்த ஒருவரின் கையைப் பார்த்துவிட்டு, கீழுதட்டை இழுத்துக் காட்டினார். ஈறின் விளிம்பில் நீலக்கறுப்பாக ஒரு கோடு. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறவர் அவர். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியிருந்தது. இன்றும் ஓ.பி.யில் அப்படித்தான் எழுதுகிறோம். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டபோது முதலில் வைத்தது ஈய நச்சைத்தான். கேட்காத மருத்துவர் எதை அறிவிப்பார்? வேலை சார்ந்த நோயாலும் விபத்தாலும் 2016இல் மட்டும் உலகில் 19 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டிருக்கின்றன. அதில் பெரும்பகுதி நோயால்.

அந்தச் சீர்திருத்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைத் தொழிலாளர்பற்றிப் பேசிய அதே நாட்டில், 1913இல் வுட்ரோ வில்சனின் ஆட்சி மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்தது. ஹாமில்டனும் தோற்றிருக்கிறார். 1925இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில், பெட்ரோலில் ஈயம் கலக்காதீர்கள் என்று எச்சரித்தார். கேட்கவில்லை. இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் முழுமையாக வர 2000 ஆகிவிட்டது.

1919இல் ஹார்வர்ட் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஆனால் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் ஆசிரியர்களோடு அவர் நடந்து வரக்கூடாது என்பது நிபந்தனை. 1935இல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் கொடுக்கவில்லை. சற்றுமுன் பேராசிரியைகளும் மாணவிகளும் அங்கியணிந்து இந்த அரங்குக்குள் நடந்து வந்தபோது என் நினைவெல்லாம் அவரிடம்தான் இருந்தது. 1970 செப்டம்பரில், 101 வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா தொழிலாளர் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் தேசியச் சட்டம் கொண்டுவந்தது.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டிலிருந்து பயிற்சி மருத்துவர்கள் ஒரு வாரமாவது பட்டறைகளிலும் ஆலைகளிலும் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள். யாரிடம் பேச வேண்டும், எங்கே போக வேண்டும் என்று வழிகாட்ட நான் வருகிறேன். ஊதியம் வேண்டாம். பட்டம் பெற்ற அனைவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள்.