பழைய மோட்டார் வண்டியும் வீட்டு வளவும்

ஓடாத மோட்டார் வண்டி ஒன்றை வளவில் வைத்திருப்பவருக்கு இரண்டு வகையான ஆலோசகர்கள் வந்து வாய்ப்பதுண்டு. ஒருவர், "பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்பார். மற்றவர், "இரண்டே நாளில் ஓட வைத்துவிடலாம்" என்பார். இருவர் சொல்லையும் சற்றே ஒதுக்கிவைத்து, வண்டிக்கு வந்த நோய் யாது என்று முறையாக ஆராய்வதே அறிவுடைமை. கல்முனைக்குடி போன்ற கடற்கரை ஊரில் அவ்வாராய்ச்சி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

1948 ஆம் ஆண்டு மோட்டார் உலகில் மறக்கவொண்ணாத ஆண்டாகும். அவ்வாண்டு நவம்பர் 29 ஆம் நாள் அவுஸ்திரேலியா தனது ஹோல்டன் காரை மக்கள் முன் வைத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, லண்டன் கண்காட்சியில், அலெக் இசிகோனிஸ் வகுத்த மொரிஸ் மைனர் வெளிவந்திருந்தது. அவுஸ்திரேலியாவில் ஹோல்டன் தொழிற்சாலை 2017 இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய ஹோல்டன்களை வீட்டிலேயே பழுதுபார்த்துப் பேணுவோர் அங்கே பலர். அந்நாட்டில் ஹோல்டனுக்குள்ள இடம் இலங்கையில் மொரிஸ் மைனருக்கு உரியது எனலாம். பத்து லட்சம் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்குண்டு.

இலங்கையில் இவ்வண்டி நீடித்து வாழ்ந்ததற்குக் காரணம் அன்பு மாத்திரமன்று; தேவையும் ஆகும். 1960 களிலும் 1970 களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. புதிய வண்டியும் அரிது, உதிரிப்பாகமும் அரிது. ஆதலின் உடைந்ததைத் திருத்தியும், தேய்ந்ததைக் கடைந்தும் ஓட்டும் கைத்திறன் ஊர்தோறும் வளர்ந்தது. 1977 இல் சந்தை திறக்கப்பட்டபோது அத்திறனின் மதிப்புச் சற்றுக் குறைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டியின் அருமையைப் பலரும் மறுபடி உணர்ந்தனர்.

வண்டி கிளம்பவில்லையா? கண்ட பாகத்தையெல்லாம் கழற்றத் தொடங்குவது வைத்தியமன்று. முதலில் முன்விளக்கை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இயக்குதல் வேண்டும். விளக்கு மங்கி அணைந்தால், பற்றறி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கின்றன. விளக்கு மங்காமல் ஒளிர, ஸ்டார்ட்டர் மாத்திரம் சுழலாதிருந்தால், மின்சாரம் அதைச் சென்றடையவில்லை என்பது பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய மொரிஸ் மைனரில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. இதனை அறியாமல் இணைப்பவர் கருவிகளைக் கெடுத்துவிடுவார்.

எஞ்சின் சுழன்றும் பற்றவில்லையெனில், பொறியா, பெற்றோலா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வயரில் பொருத்தி, எஞ்சின் இரும்பைத் தொடுமாறு வைத்துச் சுழற்றினால் நீலநிறப் பொறி தெரிய வேண்டும். பெற்றோல் ஆவி அருகில் இல்லாதிருத்தல் அவசியம். பொறி இல்லையேல் டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பொயின்டுகளை நோக்குக. அவற்றின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு. உப்புக் காற்றில் பொயின்டுகள் விரைவில் பூத்துவிடும். பொறி நன்றாயிருந்தால், சாவியைத் திருப்பி எஸ்.யூ. பெற்றோல் பம்பின் ஒலியைக் கேட்க வேண்டும். சில தடவை "டிக் டிக்" என ஒலித்து அது ஓய்ந்தால் நலம். ஒலியே இல்லையெனில் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் உள்ளிணைப்புகள் ஒட்டிக்கொண்டன. ஓயாமல் ஒலித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ கசிவு உண்டு. இவ்வளவையும் கண்டறிய வேண்டிய செலவு, அரைமணி நேரப் பொறுமை.

இவற்றினும் பெரிய பகைவன் துரு. மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகவே கதவின் கீழுள்ள அடிப்பட்டை, தரைத் தகடு, பின் வில்லைத் தாங்கும் இடம் ஆகியவை அரித்துவிட்டால், அழகு போவதோடு வண்டியின் முதுகெலும்பும் முறிகிறது. கல்முனைக்குடியின் கடற்காற்று ஆண்டு முழுவதும் இவ்வேலையைச் செய்கிறது. வாடைக்கால மழை துணை நிற்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் இக்கரையைத் தாக்கியபோது உப்புநீர் ஊருக்குள்ளும் புகுந்தது. அத்தகைய நீரில் மூழ்கிய இரும்பு வெளியே உலர்ந்து காணப்பட்டாலும், மடிப்புகளில் தங்கிய உப்பு ஈரத்தை ஈர்த்து அரித்துக்கொண்டேயிருக்கும். தரை விரிப்பை எடுத்துவிட்டு, திருப்புளியின் முனையால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்னும்; அரித்த தகட்டிலோ முனை உள்ளே இறங்கும். கழுவுவதற்கு உவர்க் கிணற்று நீர் ஆகாது, மழைநீர் நன்று.

அரித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். புட்டியைப் பூசி வண்ணம் அடிப்பது நோயை மறைப்பதேயாகும். அவ்வாறு மறைத்து விற்பவர், வாங்குபவரின் பணத்தோடு அவர் குடும்பத்தின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

ஓட வைக்கும் ஆவலில் பலர் எஞ்சினையே முதலில் கவனிப்பர். ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டுமன்றோ? இவ்வண்டியில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஒரு குழாய் வெடித்தால் மிதி முழுவதும் பயனற்றதாகிவிடும்; எஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே. மிதியை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருக்க, அது மெல்லக் கீழிறங்கினால் கசிவோ, உள் ரப்பர் தேய்வோ உண்டு. பஞ்சுபோல் அமிழ்ந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகவே நெடுநாள் நின்ற வண்டியில் அதனை முற்றாக மாற்றுவது கடமை. பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முன்சக்கரத்தின் கீழ்த் திருகுப் பூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் இடாவிட்டால், அது தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கி விழும்.

இவ்வேலைகள் நடைபெறுவது மணல் வளவில் என்பதை மறக்கலாகாது. மணலில் ஜக் புதையும். அகன்ற தடித்த பலகையின் மேல் ஜக்கை வைத்து உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் வண்டியை இருத்திய பின்னரே ஒருவர் அடியில் செல்லலாம். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ்ப் படுத்தல் பெரும் ஆபத்து.

இன்னும் ஒன்று. 2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது மக்களின் உடல்நலத்துக்கு நன்மை. ஆயினும் இப்பழைய எஞ்சின்களில் வெளியேற்று வால்வின் இருக்கைக்கு ஈயமே காப்பாயிருந்தது. எனவே வால்வு இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அடிக்கடி குறைகிறதா என்று அளந்து வருதல் வேண்டும். குறைந்துகொண்டே போனால், கடின இருக்கைகள் பொருத்த வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் பிரேக்கும் முன்சக்கரமும், அடுத்து உடலின் வலிமை, பின்பு மின்சாரமும் எஞ்சினும், ஈற்றில் வண்ணம்: இவ்வரிசையைக் கைக்கொள்வோர் பணத்தையும் உயிரையும் காப்பர். மூத்தவாப்பா ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்ட விரும்புவது இயல்பே. அப்பேரனை ஸ்பானரோடு அருகில் இருத்தி, காதால் கேட்கவும் அளவுகோலால் அளக்கவும் பழக்கினால், வண்டியோடு அக்காலக் கைத்திறனும் அவன் கைக்கு வந்து சேரும்.